குனியாதே என்றவர் முன்னால் ஒரு வரிசை

ஸிம்மரிங், வியன்னா
மே 11, ஞாயிறு காலை

என் அன்பு ரேசிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் தாத்தாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், தாத்தாவின் இடது முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது, அது மழைக்கு அறிகுறி என்கிறார், மழைதான் வருவதில்லை. நீயும் அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, கால் ஈரமாகாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் பேனாவைத் திறந்திருக்கிறேன். இங்கே செஸ்ட்நட் மரங்கள் பூத்துவிட்டன. உனக்குப் பூமியின் தென்கோடியில், ஹோபார்ட்டில் குளிர் தொடங்கியிருக்கும், இது தலைகீழாக இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை, உனக்குக் கம்பளிக் காலுறை வாங்கப் போனால் கடைக்காரி கோடையில் எதற்கு என்று கேட்கிறாள். எதிர்வீட்டு குத்ர்னா அம்மாளின் பச்சைக்கிளி பறந்துபோய், மூன்று நாள் கழித்து அஞ்சல் நிலையத்தில் கிடைத்தது. உன் சைக்கிளை நிலவறையில் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறோம். இதெல்லாம் இருக்கட்டும், வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இந்த அவசரம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் எனக்குப் பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியும். எழுதினால்தான் ஒழுங்காக வரும். தாத்தாவிடமும் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன், பாவம், நேற்றிலிருந்து மனிதர் கொதிக்கிற சட்டிமேல் மூடியைப் போல ஆடிக்கொண்டிருக்கிறார். நீயும் கடைசித் தாளைத் திருப்பிப் பார்க்காதே. எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

நாடகக் கொட்டகையில் வருகிறவர்களின் மேல்கோட்டை வாங்கி மாட்டிவைக்கிற எங்கள் அறையை எடுத்துவிடுகிறார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அது உறுதியாகிவிட்டது, செப்டம்பரிலிருந்து அங்கே சாவி போட்ட பெட்டிகள் வரப்போகின்றன, எங்கள் ஐந்து பேருக்கும் வேலை ஜூனோடு சரி. பதினெட்டு வருடம் ரேசி. மேல்கோட்டைக் கொடுக்கிறவர்கள் நம் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், அதனால் நான்தான் அவர்கள் எல்லோரையும் பார்த்தேன், எனக்கு அது பிடித்திருந்தது. அந்த மேல்கோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் பள்ளி முடிக்கிற பரீட்சைக்குப் படித்தேன், பிறகு பல்கலைக்கழகத்துக்கும் படித்தேன், நம் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கினேன். பட்டம் வந்த அன்றைக்கே தாத்தா ஸ்க்ரூடிரைவரோடு வாசலுக்குப் போய்ப் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு, என் பெயருக்கு முன்னால் பட்டம் பொறித்த பித்தளைப் பலகையை மாட்டினாரே, அன்றிலிருந்து குப்பைக்காரர்கூட என்னைப் பட்டம் சொல்லிக் கூப்பிடுகிறார், எனக்குக் காது சிவந்துவிடும். ஆனால் பட்டம் மட்டும் போதாது. இந்த ஊரில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்யப் பரீட்சையில் தேறி உரிமம் வாங்க வேண்டும், நவம்பரில் நான் அதில் தோற்றேன். யோசேப்பு சதுக்கத்தில், குதிரைச் சிலைக்குப் பின்னால் இருக்கிற நூலகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு எல்லாம் தெரியும். வாய் மட்டும் திறக்கவில்லை. ஏழு நிமிடம் நின்றேன், ஒரு புறா என் செருப்பின்மேல் வந்து நின்றது, அவ்வளவு அசையாமல் நின்றிருக்கிறேன். இரண்டாவது வாய்ப்பு இந்த வெள்ளிக்கிழமை. இதிலும் தோற்றால் அடுத்த வசந்தம்வரை காத்திருக்க வேண்டும், அதுவரை எனக்கு மேல்கோட்டும் இல்லை, வழியும் இல்லை. ஆகவே வியாழக்கிழமை எனக்கு ரவை உருண்டை சூப்பே இறங்கவில்லை, தாத்தா என் பங்கையும் சாப்பிட்டுவிட்டு, "பயப்படுறதுக்கு என்னடி இருக்கு, நீ பேசப்போறது எல்லாம் செத்தவங்களப் பத்தி, ஒருத்தனும் எந்திரிச்சு வந்து தப்புன்னு சொல்லமாட்டான்" என்றார்.

காலை ஒன்பது மணிக்கு அதே சதுக்கம், அதே குதிரை. பரீட்சை வைக்க இரண்டு பேர். ஒருவர் டாக்டர் வெஸலி அம்மையார், ஒல்லியாக, சிவப்புக் கண்ணாடி போட்டவர், எதைச் சொன்னாலும் உடனே எழுதிக்கொள்வார். இன்னொருவர் பிக்ல்மயர், பெரிய உடம்பு, அரசவை ஆலோசகர் என்ற பட்டம், அரசவை போய் நூறு வருடமாகியும் ஆலோசகர்கள் மட்டும் குறையவில்லை என்று தாத்தா சொல்வாரே, அந்தப் பட்டம்தான். டாக்டர் அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார், நான் ஒரு சீட்டு எடுத்தேன். பிரித்தால் 'இரண்டாம் யோசேப்பு' என்று அந்தக் காலத்துப் பேரரசரின் பெயர் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவரே குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். அவர் நினைவாக நகரத்தில் இருக்கிற மூன்று இடங்களுக்கு எங்களைக் கூட்டிப் போங்கள், எங்களைச் சுற்றுலா வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் முதல் வாக்கியத்தை ஆரம்பித்தேன். நவம்பரைவிடப் பரவாயில்லை, சத்தம் வந்தது, ஆனால் எறும்புக்குச் சொல்வதுபோல வந்தது. ஆலோசகர் காதில் கையை வைத்துக்கொண்டு, "ஏம்மா, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க. குதிரைக்கே கேக்கல, எனக்கெப்படிக் கேக்கும்?" என்றார். பீடத்தில் பொறித்திருக்கிறதே, பொதுமக்கள் நலனுக்காக வாழ்ந்தார், நெடுநாள் வாழவில்லை, ஆனால் முழுதாக வாழ்ந்தார் என்று, அதை மனப்பாடமாக லத்தீனில் சொன்னேன், சொல்லி முடித்ததும் அடுத்தது மறந்துபோயிற்று.

அப்போதுதான் நூலக வாசலில் ஓர் ஆள் சுவரொட்டியைப் படித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். கறுப்பு நீள் கோட்டு, கறுப்புத் தொப்பி, பளபளவென்று கறுப்புக் காலணி. முப்பத்தோரு வருடம் மத்திய கல்லறைத் தோட்டத்தில் சவப்பெட்டி தூக்கியபோது போட்ட உடுப்பு. தாத்தாவிடம் வேறு நல்ல உடுப்பு கிடையாது என்பது உனக்குத் தெரியும். வரக் கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தேன், சரி சரி என்று தலையாட்டியவர், அடுத்த ட்ராமில் ஏறி வந்திருக்கிறார். வந்ததும் இல்லாமல், யாரிடமும் சொல்லாததுபோல, சிலையைப் பார்த்து, சதுக்கம் முழுக்கக் கேட்கிற குரலில், "ட்ராம நிறுத்துறாப்ல கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு. தலைல இலை வேற. இவன் ஏதாச்சும் உருப்படியா செஞ்சிருந்தா சரி" என்றார். டாக்டர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, அவர் யார், உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டார். நான், என் அப்பாவை, தெரியாது என்று சொல்லிவிட்டேன். பைபிளில் குருவைத் தெரியாது என்ற சீடனுக்குக் கூவியதே, அந்தச் சேவல் கூவாததுதான் குறை.

தாத்தாவுக்கு யோசேப்பின்மேல் என்ன கோபம் என்று நீ சின்ன வயதிலிருந்தே கேட்டிருப்பாய், சூப்புக்கும் கறிக்கும் நடுவில் அதைத்தானே பேசுவார். இவருக்கு ஒன்றும் செய்யாத மனிதர், இருநூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போனவர், ஆனால் சவப்பெட்டிக்கு அடியில் கதவு வைத்தவர். பிணத்தைச் சாக்கில் தைத்து, பெட்டியில் வைத்து, குழிமேல் நிறுத்தி, கதவைத் திறந்தால் பிணம் கீழே விழும், பெட்டி அடுத்த ஆளுக்கு ஆகும். மரம் மிச்சம், இடம் மிச்சம், நோய் பரவாது. கணக்குச் சரிதான். வியன்னாக்காரர்களிடம் போய் அதைச் செய்யலாமா? வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவனும் கடைசியில் அழகான சாவு வேண்டும், பேண்டு வேண்டும், பின்னால் நாலு தெரு நீளத்துக்கு ஆள் வேண்டும் என்று கேட்கிற ஊர் இது. ஊரே எகிறிக் குதித்தது, ஒரு வருடம் தாங்கவில்லை, ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தாத்தா மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. "எங்க தொழில்லயே மண்ண அள்ளிப் போடப் பாத்தவன்" என்பார்.

இரண்டாவது இடமாக நான் அரச குடும்பத்தாரை அடக்கம் செய்திருக்கிற கப்புச்சின் மடத்துக் கல்லறையைத்தான் வைத்திருந்தேன், நடந்தால் ஐந்து நிமிடம். நாங்கள் மூவரும் முன்னால், இருபது அடி பின்னால் கறுப்புக் கோட்டு. கீழே இறங்குகிற இடத்தில் தாத்தா என்னை எட்டிப் பிடித்து, என் காதில் மெதுவாக, "வேலை நாளு பூரா சவப்பெட்டி, ஓய்வு பெத்தும் சவப்பெட்டியான்னுதான் இத்தனை வருஷம் இங்க எட்டிப் பாக்கல. இன்னைக்கு அவன் மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேக்காம போறதில்ல" என்றார். நான் அப்பா தயவுசெய்து என்று கெஞ்சிவிட்டு ஓடினேன். நல்லவேளை, டாக்டர் அம்மா நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே உனக்கு நினைவிருக்கும், பள்ளியில் கூட்டிப் போனார்கள். யோசேப்பின் அம்மாவும் அப்பாவும் இருக்கிற அந்தப் பெரிய பெட்டி, ஒரு வீடு மாதிரி, தேவதைகளும் கிரீடங்களும் எக்காளங்களுமாக, உன் முழுப்பெயரையே வைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா மகாராணி நிமிர்ந்து எழுந்து உட்காருவதுபோல. அதன் காலடியில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல ஒரு வெறும் செம்புப் பெட்டி. ஒரு பூ இல்லை, ஒரு தேவதை இல்லை. அதுதான் யோசேப்பு. நான் பேச வாயைத் திறந்தேன், மறுபடியும் நவம்பர் வந்துவிட்டது. ஆலோசகர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் அம்மாவின் பேனா காகிதத்துக்கு மேலே காத்திருந்தது. எங்களுக்குப் பின்னால் டச்சுக்காரக் கூட்டம் ஒன்று, பன்னிரண்டு பேர் இருக்கலாம், நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் தாத்தா என்னைக் கடந்து முன்னால் போனார். போச்சு, கத்தப்போகிறார், பரீட்சை முடிந்தது என்று நினைத்தேன். பெட்டிக்கு முன்னால் போய் நின்றார், மூக்கால் மூச்சு விட்டார், மோவாயைத் தூக்கினார். பிறகு என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. முப்பத்தோரு வருடப் பழக்கம் ரேசி, ஒரு நாளைக்கு ஐந்து பெட்டி, ஒவ்வொன்றையும் இறக்கியபிறகு ஆறு பேரும் ஒன்றாகச் செய்வது. கால் இரண்டும் தானாகச் சேர்ந்தன, தொப்பி தானாகக் கழன்று நெஞ்சுக்கு வந்தது, மூன்று எண்ணும் நேரத்துக்குத் தலை குனிந்து ஆழ்ந்த ஒரு வணக்கம் போட்டார். அவ்வளவு அழகாக யாரும் குனிய முடியாது. அதைப் பார்த்த ஆலோசகருக்கு, கறுப்பு உடுப்பில் இவ்வளவு முறையாகச் செய்கிறவர் ஏதோ அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று தோன்றியிருக்க வேண்டும், அவரும் சட்டென்று தொப்பியை எடுத்து, அந்த உடம்பை வளைத்துக் குனிந்தார். ஆலோசகர் குனிந்தபின் டாக்டர் அம்மா நிமிர்ந்து நிற்க முடியுமா, அவரும் குனிந்தார். பின்னால் இருந்த டச்சுக்காரர்கள் இதுதான் இங்கே வழக்கம் போலிருக்கிறது என்று முடிவு செய்து, முதுகுப் பைகளைக் கழற்றிவிட்டு ஒருவர்பின் ஒருவராக வரிசையில் வந்து குனியத் தொடங்கினார்கள். ஒரு சின்னப் பெண்ணுக்கு அவள் அம்மா எப்படிக் குனிவது என்று சொல்லிக்கொடுத்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கல்லறையில், பரீட்சை நடுவில். டாக்டர் அம்மா என்னம்மா ஆயிற்று என்று கேட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உரக்கவே, அந்த நிலவறை முழுக்கக் கேட்கிறமாதிரி, "மன்னிச்சுக்குங்க. நீங்க எல்லாரும் வரிசைல நின்னு குனியுறீங்களே, இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறவருதான் எனக்கு முன்னால யாரும் குனியக் கூடாது, மண்டி போடக் கூடாது, கைல முத்தம் குடுக்கக் கூடாது, அது மனுசனுக்கு மனுசன் செய்யற காரியமில்லன்னு ஆணை போட்டவரு" என்றேன். ஆலோசகர் பாதிக் குனிவில் நின்றார், மேலே வருவதா கீழே போவதா என்று தெரியாமல். பிறகு டச்சுக்காரர்களில் ஜெர்மன் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், ஒரு கிழவர் என்னிடம் அப்புறம் என்ன ஆயிற்று, மக்கள் கேட்டார்களா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. ஒருவர் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கும்போது எனக்குப் பயம் வருவதில்லை என்பதை நான் நாற்பத்திரண்டு வயதில் கண்டுபிடித்தேன். பேசினேன் ரேசி. வேறு பெயரில், பேரரசரின் ஆடம்பரம் இல்லாமல் சாதாரணப் பயணிபோல அவர் ஊர் சுற்றியதை, பண்ணையடிமைகளை விடுவித்ததை, மற்ற மதக்காரர்களும் தங்கள் முறைப்படி கும்பிடலாம் என்று அனுமதித்ததை, ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டியதை, அதே ஆஸ்பத்திரி முற்றத்தில்தான் இப்போது பல்கலைக்கழகம் இருக்கிறது, நான் அங்கேதான் படித்தேன் என்பதை. கை ஆட்டினேனாம், தாத்தா சொல்கிறார்.

தாத்தாவும் சும்மா இருக்கவில்லை. தன் உடம்பே தன்னை ஏமாற்றிக் குனியவைத்துவிட்ட கோபம் வேறு. கூட்டத்துக்குள்ளிருந்து, "எல்லாஞ் சரி, அந்தக் கதவு வச்ச பெட்டியச் சொல்லு! அத மட்டும் முழுங்கப் பாக்குறியா?" என்றார். "சொல்லத்தான் போறேன், கொஞ்சம் பொறுங்க" என்றேன். "பொறுக்கறதா, ஏம்மா, உன்னயச் சாக்குல கட்டிக் குழில போட்டா சம்மதமா?" என்று அவர் டாக்டர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார், டாக்டர் அம்மா அதையும் எழுதிக்கொண்டார். "நீங்க மட்டும் என்ன ஒழுங்கு, மூணு விதப் பேண்டு வேணும்னு இப்பவே பட்டியல் எழுதி வச்சிருக்கீங்க" என்று நான் சொல்லிவிட்டேன், அதன் பிறகு அவரைத் தெரியாது என்று யாரிடம் சொல்ல முடியும். மேலிருந்து ஒரு துறவி இறங்கி வந்து, "கொஞ்சம் மெதுவா, இங்க தூங்குறவங்க யாரும் இன்னும் எந்திரிக்கிற நேரமாகல" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

டச்சுக்காரர்கள் போனதும் ஆலோசகர் தன் கேள்வியைக் கேட்டார். இதுவரை இருந்த சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. "சரிங்க, இவ்வளவு நல்லது செஞ்சவருன்னா, ஹங்கேரிக்குப் போட்ட ஆணைகள்ல பெரும்பாலானத சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்ன அவரே ஏன் ரத்து பண்ணினாரு? தப்பு எங்க நடந்துச்சு?" இதற்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறது, பிரபுக்களின் எதிர்ப்பு, துருக்கிப் போர், மொழிப் பிரச்சினை என்று ஒரு பக்கம் வரும், எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்றுதான் வாயில் வந்தது. "அவரு கெட்டது எதையும் நினைக்கலீங்க. எல்லாருக்கும் நல்லதத்தான் நினைச்சாரு. யாரையும் கேக்கல, அவ்வளவுதான். உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டாச்சு, நாளைலருந்து இப்படித்தான்னு சொன்னாரு. ஒரு தடவைகூட, உனக்கு என்ன வேணும்னு கேக்கல" என்றேன். ஆலோசகர், "இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றார். எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். அவர் ம் என்று மட்டும் சொன்னார், அந்த ம் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பதிலைச் சொல்லி முடித்த நொடியில் எனக்கு எது நினைவுக்கு வந்தது என்று உன்னிடம் மறைக்கப்போவதில்லை. போன மாதம் உனக்கு எழுதிய நான்கு தாள். அக்டோபருக்குள் திரும்பி வா, விட்ட படிப்பில் மறுபடி சேர், படகுப் பட்டறை பெண்ணுக்கான எதிர்காலம் அல்ல, நான் பட்ட கஷ்டம் நீ படக் கூடாது, விண்ணப்பத்தை நானே நிரப்பிவிட்டேன், கையெழுத்து மட்டும் போதும். நான்கு தாள், ஒரு கேள்விக்குறிகூட இல்லை. அதற்கு நீ பதில் போடவில்லை. செம்புப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்கு முகம் சூடாகிவிட்டது, ரொமானா, நீயும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாயே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது இடம் அவுகார்டன் பூங்கா. ட்ராமில் போகும்போது இன்னொரு கொடுமை. தாத்தா இப்போது ஒளியாமல் எங்களோடேயே ஏறினார், நேராகப் போய் ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்து அவரை மேலும் கீழும் ஒரு தொழிலாளியின் கண்ணோடு பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க ஆலோசகர் ஐயா, உங்களுக்கு ஆறு பேர் பத்தாது. எட்டுப் பேர் சொல்லி வைங்க. குறிப்பா இடது பக்கம் உசரமான ஆளா கேளுங்க, நீங்க சாய்வா இருக்கீங்க" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஆலோசகர் மிகுந்த அக்கறையோடு, மத்திய கல்லறைத் தோட்டத்தின் இரண்டாவது வாசல் பக்கம் கல்லறை கிடைக்குமா, பேண்டு மழை பெய்தாலும் வாசிப்பார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார், டாக்டர் அம்மா கொஞ்சம் தள்ளி வந்து உட்கார்ந்து, தனக்கு அகண்ட வெள்ளைப் பூவளையம் பிடிக்கும் என்று சேர்த்துச் சொன்னார். யோசேப்பு பாவம், இவர்களிடம் போய்ச் சாக்கு என்றால்.

பூங்கா வாசலில் அவர் எழுதிவைத்தது இன்னும் இருக்கிறது, எல்லா மனிதர்களுக்கும் உரிய இன்பத்துக்கான இடம், அவர்களை மதிக்கிறவன் தந்தது என்று. அதுவரை அரச வேட்டைக்காரர்களுக்கும் பிரபுக்களுக்கும் மட்டுமாக இருந்த மரங்கள். அங்கே நான் நீளமாகப் பேசவில்லை. நீ நடை பழகியது இந்த வாசலுக்கு உள்ளேதான், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உன்னை இங்கேதான் அழைத்துவருவேன், வேலிக்கு வெளியே நிற்கவேண்டியிருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை என்று மட்டும் சொன்னேன், சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது, சரிசெய்துகொள்ளவில்லை. பிறகு அவர்கள் இருவரும் செஸ்ட்நட் மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்து தாள்களைப் பார்க்க, நானும் தாத்தாவும் வாசலுக்குக் கீழே நின்றோம். பன்னிரண்டு நிமிடம். தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் நின்றதை வேலை நேரத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை மட்டும், "நான் வந்திருக்கக் கூடாது இல்ல?" என்றார், தொப்பியை விரலால் சுற்றிக்கொண்டே. நான் அவர் கோட்டுத் தோளில் விழுந்திருந்த பூ இதழைத் தட்டிவிட்டேன்.

டாக்டர் அம்மா எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். முதல் இடத்தில் குரல் எழவில்லை, லத்தீன் சரி, மற்றதெல்லாம் பாதி மதிப்பெண்தான் என்றார். கல்லறையில் சத்தம் போட்டது விதிக்கு மாறு என்றார். ஆலோசகர் ஐயாவுக்கு என் பதிலில் உடன்பாடு இல்லை, அது சரித்திரமாகாது என்கிறார், ஆனால் அதை மறக்க முடியாது என்றும் சொல்கிறார், சுற்றுலா வந்தவருக்கு வீடு திரும்பியபிறகும் ஒன்று மனதில் நிற்கவேண்டும் என்பதுதான் எங்கள் விதிப் புத்தகத்தின் முதல் வரி என்றார். பிறகு, "தேறிட்டீங்க" என்றார். நான் மறுபடி கேட்டேன். "தேறிட்டீங்கம்மா, உரிமம் ஜூன்ல வரும். ஒரே ஒரு சந்தேகம், அந்தப் பெரியவர எல்லா நாளும் கூட்டிட்டு வருவீங்களா?" தாத்தா அப்படியே என்னைத் தூக்கிவிட்டார், முழங்கால் அவருக்கு நினைவே இல்லை, எழுபத்தோரு வயதில், அந்தக் கறுப்பு உடுப்பில், பூங்காவில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் எனக்கே முழுதாக இறங்கவில்லை, நேற்று இரண்டு தடவை பரணிலிருந்து அந்தத் தேர்ச்சித் தாளை எடுத்துப் படித்தேன். தாத்தா புதுப் பித்தளைப் பலகைக்கு அளவெடுத்துவிட்டார், தடுக்கப் பார்க்கிறேன்.

இனி என் ஆணைக்கு வருகிறேன். அந்த நான்கு தாளையும் ரத்து செய்கிறேன். அக்டோபர் ரத்து. விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன், கிழித்தது தாத்தா, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டதும் அவர், "பெட்டி செய்றவனும் படகு செய்றவனும் ஒரே சாதிதான், ஒண்ணு தண்ணிக்கு மேல, ஒண்ணு மண்ணுக்குக் கீழ" என்று சொல்லி உன்னை நம் குடும்பத் தொழிலிலேயே சேர்த்துவிட்டார். யோசேப்பு எல்லாவற்றையும் ரத்து செய்தபோதும் சிலதை விட்டுக்கொடுக்கவில்லை, நானும் இரண்டை வைத்துக்கொள்கிறேன்: கம்பளிக் காலுறை, காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாமல் இருப்பது. இவற்றில் பேச்சே கிடையாது.

மற்றதைக் கேட்கிறேன், இதுவரை நான் கேட்கவே இல்லை. நீ கட்டுகிற படகு எந்த மரம்? அதில் உன் கை பட்ட இடம் எது? உளி பிடித்துப் பிடித்து உள்ளங்கை வலிக்கிறதா, இல்லை பழகிவிட்டதா? உன்னோடு வேலை செய்கிறவர்கள் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? காலையில் எழுந்ததும் பட்டறைக்குப் போகவேண்டும் என்று உனக்கு ஆசையாக இருக்கிறதா? நிதானமாக எழுது, தாள் குறைவாக இருந்தால் இந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி அனுப்பு, வெறுமையாகத்தான் விட்டிருக்கிறேன்.

கடவுள் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். நீ தொட்ட மரமெல்லாம் மிதக்கட்டும். தாத்தாவின் முத்தம் உன் நெற்றிக்கு, ரம்பம் பிடிக்கும்போது தலைமுடியைக் கட்டிக்கொள்ள மறக்காதே.

உன் பதிலைக் கேட்டு எழுதும்
உன் அம்மா
ரொமானா